போனில் மட்டும் மிஞ்சிய ஆச்சி படத்தைப் பிரிண்ட் போட்ட கதை

2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி மீனாட்சிபுரம் வீட்டுக்குள் தாமிரபரணி தண்ணீர் வந்ததில், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பம் ஊறிப் போய்விட்டது. ஆச்சி அப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் அதில்தான் இருந்தது. வேறு பிரதி கிடையாது. நல்லவேளையாக, அந்தத் தீபாவளிக்கு ஊருக்கு வந்த அக்கா மகன் ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகத் தன் ஐபோனில் எடுத்து வைத்திருந்தான். இனிமேல் அதுதான் எங்களுக்கு ஒரிஜினல்.

அந்தப் போனில் இருந்து ஒரு நல்ல பிரிண்ட் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில், பென் டிரைவை வாங்கிச் செருகிப் பார்த்த தம்பி, "இது ஹெச்இஐசி அண்ணாச்சி, இங்க ஓப்பன் ஆவாது. வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். ஹெச்இஐசி என்பது ஐபோன் படங்களைச் சேமிக்கும் ஃபைல் வகை. வாட்ஸ்அப்பில் வந்தால் படம் சுருங்கிவிடுமே என்றேன். "அதெல்லாம் ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிவிட்டார். மருமகனும் சென்னையில் இருந்து அனுப்பினான். 10க்கு 8 அங்குலத்தில் பிரிண்ட் கைக்கு வந்தது. ஆச்சி காதில் கிடக்கும் பாம்படம், உருண்டையும் தகடுமாக அடுக்கடுக்காகத் தெரிய வேண்டியது, களிமண்ணைப் பிசைந்து ஒட்டியது போல் இருந்தது. கேட்டதற்கு, "போன்ல எடுத்த படம்லா, இவ்வளவுதான் வரும்" என்றார். காசையும் வாங்கிக்கொண்டார்.

இது சுத்தமாகத் தப்பு. போன் எடுத்தது 4032க்கு 3024 பிக்சல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்கு வந்துவிடும். ஆல்பத்தின் ஓரங்களை வெட்டியபின் அதில் 1200க்குப் பக்கம்தான் மிஞ்சும். அதை 10 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 120 புள்ளி. நல்ல பிரிண்டுக்கு 300 வேண்டும். ஒரிஜினலை அதே மாதிரி வெட்டினால் 3000க்கு 2400 நிற்கும், 10க்கு 8 அங்குலத்துக்கு அச்சாகப் பொருந்தும். கையில் இருப்பது 72 டிபிஐ (அங்குலத்துக்கு 72 புள்ளி), 300 ஆக்கிக் கொண்டு வாருங்கள் என்று சில கடைகளில் சொல்வார்கள். அந்த எண்ணை மட்டும் மாற்றினால் படத்தில் ஒன்றும் கூடாது. பிக்சல் எத்தனை என்று பாருங்கள், அதுதான் கணக்கு.

அப்புறம், உயர்தர டிஃப் (விவரம் இழக்காமல் படத்தைச் சேமிக்கும் ஃபைல் வகை) ஆக மாற்றித் தருகிறோம் என்ற ஓர் இலவச இணையதளத்தில் ஏற்றிப் பார்த்தேன். திரும்பி வந்தது பெரிய ஃபைல்தான். ஆனால் பிராப்பர்டீஸைத் திறந்தால் நீளம் 2000 பிக்சலுக்கும் கீழே. எடுத்த தேதியையும் காணோம். எம்பி கூடினால் தரம் கூடியதாக அர்த்தமில்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக்கை, அதாவது சுருக்கிய சாதாரணப் பட ஃபைலை, டிஃப் ஆக்கினாலும் இதே கதைதான். போன விவரம் போனதுதான், கெட்டுப்போனதைப் பத்திரமாகப் பூட்டி வைத்த மாதிரி ஆகும். வீட்டுப் பெண்கள், குழந்தைகள் படத்தை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

பொங்கலுக்கு மருமகன் வந்ததும், எல்லா ஒரிஜினல்களையும் இறக்கப் போனை நேராக லேப்டாப்பில் கேபிள் போட்டு மாட்டினோம். கொஞ்சம் காப்பி ஆகி அப்படியே நின்றுவிட்டது, திரும்பத் திரும்ப. போனின் செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதியின் கடைசியில், கணினிக்கு மாற்றும்போது ஜேபெக் ஆக்கித் தரவா, ஒரிஜினலையே தரவா என்று இரண்டு வழி இருக்கும். "கீப் ஒரிஜினல்ஸ்" என்று வைத்த பிறகு எல்லாம் மளமளவென்று இறங்கின. இடம் மிச்சம் பிடிக்கும் அமைப்பு போட்டிருந்தால் முழுப் படம் ஐகிளவுட் என்ற ஆப்பிளின் இணையச் சேமிப்பில்தான் இருக்கும், போனில் சின்னதுதான் கிடக்கும். அதையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

மாற்றியது ஜிம்ப்பில், காசில்லாத மென்பொருள். ஹெச்இஐசியைத் திறந்தால் நிறப் புரொஃபைலை மாற்றவா என்று கேட்கும், மாற்றச் சொல்ல வேண்டும். ஐபோன் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான நிற வரம்பில் இருக்கும். பிரிண்ட் கடைகளில் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி என்ற குறுகிய நிற வரம்புதான்; மாற்ற வேண்டியது அதற்குத்தான். இதைக் கவனிக்காமல் விட்டால் நிறம் செத்துப் போகும். ஆனித் தேரோட்டத்தில் எடுத்த படம் ஒன்றை மாற்றாமல் போட்டதில், தேரில் தொங்கும் தொம்பையின் சிவப்பு நாலு தடவை துவைத்த துணி போல வந்தது. மாற்றியபின் சிவப்பு சிவப்பாகவே வந்தது.

பத்திரப்படுத்த டிஃப், எல்இசட்டபிள்யூ சுருக்கத்தோடு. அதில் விவரம் எதுவும் இழக்காது. சுருக்காமல் வைத்தால், ஓரம் வெட்டாத முழுப் படம் ஒன்றுக்கு 36 எம்பி ஆகும். கடைக்குக் கொடுக்க மட்டும் தரம் 95க்கு மேல் வைத்து ஒரு ஜேபெக். ஒரிஜினல் ஹெச்இஐசியை அழிக்கவே கூடாது. நூற்றுக்கணக்கில் இருந்தால் டிஜிகாம் என்ற மென்பொருளில் மொத்தமாக மாற்றலாம்.

பிரிண்டை இந்தத் தடவை பாளையங்கோட்டையில் வேறு கடையில் கொடுத்தேன். ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம், பளபளப்பில்லாத மேட் பேப்பர் என்று சொன்னதும் அந்த அண்ணாச்சியே, "எஸ்ஆர்ஜிபிதானே?" என்று கேட்டார். வயிறு குளிர்ந்தது. பாம்படத்தின் ஒவ்வொரு தகடும் தனித்தனியாகத் தெரிகிறது. பின்னால் நிற்கும் ஆள் யாரென்று எங்களில் யாருக்கும் தெரியாமல் இருந்தது. பெரியப்பா பிரிண்டைக் கையில் வாங்கியதுமே, "இது ஆச்சியோட தம்பிலா, கொழும்புல கடை வச்சிருந்தாரே" என்றார். அன்றைக்கே அந்தப் பெயரை ஃபைலின் பெயரிலும் விவரப் பகுதியிலும் எழுதிவிட்டேன். சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்போது லேப்டாப்பில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, தென்காசியில் தங்கை வீட்டு மாடியில் ஒன்று. மூன்றாவது வேறு ஊரில் இருப்பதுதான் முக்கியம்; ஆற்றங்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பென் டிரைவைக் கடைக்குக் கொண்டுபோக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மருமகன் அடுத்த மாதம் அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டான். உங்கள் வீட்டில் யாராவது போன் மாற்றப் போகிறார்கள் என்றால், வாட்ஸ்அப் குரூப்பில்தான் எல்லாம் இருக்கிறதே என்று விட்டுவிடாமல், அதற்கு முன்னாடியே கேபிளை மாட்டி ஒரிஜினல்களை இறக்கிக்கொள்ளுங்கள்.