சுவரை அறுக்கும் நொதிகள்: பாம்பன் நாட்குறிப்பு

மார்ச் 7

சின்னம்மாவின் விரல் சீழ் கல்ச்சர் ரிசல்ட் வந்துவிட்டது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, பென்சிலினுக்குக் கேட்காத வகை. வேறு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பாசி எடுக்கிற பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் கடலில் இறங்குகிறார்கள். கடலடிப் பாறையான பார் அதையும் கிழித்துவிடுகிறது.

மார்ச் 8

“ஏத்தா, கண்ணீர்லயே கிருமியக் கொல்ற சத்து இருக்குன்னியே, அது இதக் கொல்லாதா?” என்று சின்னம்மா கேட்டார். எவ்வளவு சரியான கேள்வி!

அந்தச் சத்து லைசோசைம் என்ற நொதி. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். பென்சிலினை அவர் கண்டது 1928-ல்தான். பாக்டீரியாவின் செல்சுவர் ஒரு வலை மாதிரி. இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறிமாறிக் கோத்த நீளச் சரங்கள், அவற்றைக் குறுக்கே இணைக்கும் அமினோ அமிலப் பாலங்கள். லைசோசைம் சர்க்கரைச் சரத்தை அறுக்கும். உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால் சுவர் போனால் செல் வெடித்துவிடும். நம் செல்களுக்கு இந்தச் சுவரே கிடையாது, அதனால் நமக்குப் பயமில்லை. ஆனால் இந்தக் கிருமி தன் சர்க்கரையில் அசிட்டைல் என்ற சிறு வேதித் தொகுதியை ஒட்டிவைத்திருக்கிறது. லைசோசைமுக்கு அங்கே பிடி கிடைக்காது.

மார்ச் 9

லைசோஸ்டாஃபின் என்ற இன்னொரு நொதியைப் பற்றிப் படித்ததில் இரவு தூக்கமே வரவில்லை. 1964-ல் வெளிவந்த கண்டுபிடிப்பு. சுரப்பது இன்னொரு ஸ்டஃபைலோகாக்கஸ்! இது சர்க்கரையைத் தொடுவதில்லை. கிளைசின் என்ற அமினோ அமிலம் ஐந்து சேர்ந்த குறுக்குப் பாலத்தை வெட்டுகிறது. பென்சிலின் சுவர் கட்டுவதைத்தான் தடுக்கும், இது கட்டி முடித்த சுவரையே உடைக்கும். தப்பிக்க நினைத்து பாலத்தைச் சுருக்கிக்கொள்ளும் கிருமிகளும் உண்டு. அப்படிச் சுருக்கியவை பென்சிலின் குடும்பத்து மருந்துகளுக்கு முன்னைவிட எளிதாகச் சாகின்றன. இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மார்ச் 13

சின்னம்மாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது, சரி. என் கவலை இப்போது விப்ரியோ என்ற பாக்டீரியா. கடல்நீரில் இருப்பது, காயத்திலும் ஏறும், இறால் பண்ணைக்காரர்களையும் கலங்கடிக்கும். அதன் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது, வெளியிலிருந்து வரும் நொதிக்கு அது தடை. பாக்டீரியாவுக்குள் பெருகும் ஃபேஜ் வைரஸ்கள் எண்டோலைசின் என்ற நொதியால் சுவரை உள்ளிருந்து உடைத்து வெளியேறுகின்றன. அந்த நொதியோடு நேர்மின் ஏற்றமுள்ள பெப்டைடுகளை, அதாவது குட்டி அமினோ அமிலச் சங்கிலிகளை, இணைத்து, வெளிச்சவ்வைக் கலைத்து நுழையவைக்கும் வேலை நடக்கிறது. இரத்தத்தில் செலுத்தினால் உடம்பு இந்த அந்நியப் புரதத்தை எதிர்க்கக்கூடும். எங்கள் பெண்களுக்கு ஊசியே வேண்டாம், காயத்தில் தடவ ஒரு களிம்பு வந்தாலே போதும்.