டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, கேஸ் ஷீட் நகலைக் கேளுங்கள்

வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி வெறும் சுருக்கம்தான். வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்கவோ, இன்சூரன்ஸ் க்ளெய்ம் மறுக்கப்பட்டால் வாதாடவோ, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவோ, சிகிச்சையின்போது எழுதிய எல்லாப் பதிவுகளும் அடங்கிய முழு கேஸ் ஷீட் வேண்டும். அதைக் கேட்பது நோயாளியின் உரிமை. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நன்னடத்தை விதிமுறைகளில் 1.3.2 இதைத் தெளிவாகச் சொல்கிறது: நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால், கோரிக்கை பெற்றதற்கு ஒப்புகை தந்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பது 1.3.1. அதனால் தள்ளிப்போடாதீர்கள். 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிமுறைகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. பழையவற்றை மேற்கோள் காட்டியே எழுதலாம்.

காரியம் பெரும்பாலும் கெடுவது கடிதத்தில்தான். “மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் வேண்டும்” என்று ஒற்றை வரியில் எழுதினால் அதே சம்மரியை மறுபடி அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: அட்மிஷன் ஷீட், டாக்டர்கள் தினமும் எழுதிய குறிப்புகள், நர்ஸ் குறிப்புகள், மருந்து சார்ட், டெம்பரேச்சர்-பிபி சார்ட், ஒப்புதல் படிவங்கள், ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்து சார்ட், எல்லா லேப் ரிப்போர்ட்டுகளும். ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, அடையாள அட்டை நகல் இருக்கட்டும். மருத்துவக் கண்காணிப்பாளர் பெயருக்கு எழுதி, மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கொடுங்கள். வேறொருவர் போவதானால் நோயாளி கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் வேண்டும்.

இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் சீல், தேதி, நேரம் வாங்குங்கள். 72 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதற்கு அந்தச் சீல்தான் சாட்சி. கவுன்டரில் வாங்க மறுத்தால் அன்றே மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்பிவிடுங்கள். ஜெராக்ஸ் கட்டணம் கேட்டால் கட்டி, பக்க எண்ணிக்கை போட்ட ரசீது வாங்குங்கள்.

நகல் கைக்கு வந்ததும் அங்கேயே உட்கார்ந்து புரட்டுங்கள். மருந்து சார்ட்டும் நர்ஸ் குறிப்பும் பெரும்பாலும் இருபுறமும் எழுதப்பட்டிருக்கும். அவசரத்தில் பின்பக்கத்தை விட்டுவிடுவார்கள். அகலமான சார்ட்டில் ஓரம் வெட்டுப்பட்டு, மருந்து கொடுத்த நேரம் இருக்கும் பத்தியே காணாமல் போயிருக்கும். ஒவ்வொரு தேதிக்கும் டாக்டர் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இசிஜி தெர்மல் பேப்பரில் இருந்தால் அன்றே நகலெடுத்துவிடுங்கள், நாளாக ஆக மங்கிவிடும்.

ஸ்கேனுக்கு ரிப்போர்ட்டும் ஃபிலிமும் போதாது. டைகாம் (DICOM, ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் கோப்பு வடிவம்) வடிவில் முழுப் படங்களும் உள்ள சிடி கேளுங்கள். ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, எல்லாப் படங்களும் திறக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பயாப்சி (திசுப் பரிசோதனை) விஷயம் இன்னும் முக்கியம். திசு பதிந்த மெழுகு பிளாக்கும் கண்ணாடி ஸ்லைடும் இருப்பது பேத்தாலஜி லேபில். ரெக்கார்ட்ஸ் பிரிவில் கேட்டால் கிடைக்காது. புற்றுநோய்க்கு வேறு மருத்துவமனை போனால் இவற்றைத்தான் முதலில் கேட்பார்கள். மேற்கொண்டு சாயமேற்றிச் சோதிக்க பிளாக் இல்லாமல் முடியாது. தனிக் கடிதம் கொடுத்து வாங்கி, பிளாக் எண்ணை ரிப்போர்ட்டிலுள்ள எண்ணோடு ஒத்துப்பாருங்கள். வெயிலில் நிற்கும் காரில் அதை வைக்கவே கூடாது.

அரசு மருத்துவமனை இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்பாகவே ஒட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. தனியார் மருத்துவமனை 72 மணி நேரம் கடந்தும் தராவிட்டால், அதே 2002 விதிமுறைகளின் 7.2-ஐக் குறிப்பிட்டு, சீல் வைத்த பிரதியை இணைத்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்புங்கள். நோயாளி இறந்திருந்தால், கடிதத்தோடு இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் சேர்த்துக் கொடுங்கள்.