லூனாஸ் போயிட்டு வந்தேன், பேய்ச்சியோட ஊருக்கு

நான் மலேசியாவுல கிள்ளான்ல பொறந்து வளந்தவ. வடக்குல கெடா மாநிலம் பக்கம்னா சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு சுங்கைப் பட்டாணி வரைக்கும் போயிருக்கேன், அதோட சரி. அதே கெடாவுல இருக்கற லூனாஸ்ங்கிற ஊர் பேரு எனக்குள்ள வந்து உக்காந்தது ம. நவீன் எழுதுன பேய்ச்சி நாவல் வழியாத்தான். 2020 ஆரம்பத்துல படிச்சேன், முடிச்ச ராத்திரி தூக்கமே வரல, இந்த ஊர ஒரு தடவையாச்சும் கண்ணால பாத்துடணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். ஆனா மார்ச்சுல கொரோனாவுக்காக எம்சிஓன்னு நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாரையும் வீட்டுக்குள்ள போட்டுடுச்சு, டிசம்பர்ல அந்த நாவலையே உள்துறை அமைச்சு தடை பண்ணிடுச்சு, அப்புறம் வேலை, வீடு, அம்மாவுக்கு ஆபரேஷன்னு தள்ளித் தள்ளிப் போயி இப்பத்தான் முடிஞ்சது.

கேஎல் சென்ட்ரல்ல இருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் ரயிலு, நாலு மணி நேரத்துக்கு மேல. தம்பியும் கூட வந்தான். பட்டர்வொர்த்துல இறங்கி கிராப் வாடகைக் கார் எடுத்தோம், கூலிம் போற ரோட்டுல அரை மணி நேரம். நான் எதிர்பாத்தது பால்மரக்காடு, அதான் ரப்பர் தோட்டம், ஆனா வழியெல்லாம் ஃபேக்டரியும் தாமான்னு சொல்ற குடியிருப்பும் நடுநடுவுல செம்பனையும்தான். கூலிம் ஹைடெக் பார்க் 1990கள்ல வந்ததுக்கப்புறம் இந்தப் பக்கம் முகமே மாறிப்போச்சுன்னு டிரைவர் அண்ணன் சொன்னாரு. அவரோட அம்மா பால் வெட்டுனவங்களாம், அவரு பொண்ணு இப்ப சிப் கம்பெனியில வேலையாம். அத சொல்றப்ப அவரு குரல்ல ஒரு பெருமை இருந்துச்சு, கேக்கவே சந்தோஷமா இருந்துச்சு.

லூனாஸ் டவுன் சின்னது. பழைய சீனக் கடை வரிசை, வாத்து வறுவலுக்கு பேர் போன ஊரு, அதுக்காகவே பினாங்குல இருந்து கார் போட்டு வர்றாங்க. நாங்க ஒரு ஒட்டுக்கடையில தோசையும் தே தாரிக்கும் சாப்பிட்டு பசியாறிட்டு நடக்க ஆரம்பிச்சோம்.

நவீன் 1982ல இந்த ஊர்ல பொறந்தவரு. அதுக்கு முந்தின வருஷம், 1981ல, இங்க பக்கத்துல பாயா பெசார்ல விஷச் சாராயம் குடிச்சு ஆளுங்க செத்துப் போனாங்க, தோட்டத்து ஜனங்க. அந்தச் சாவுகள்தான் பேய்ச்சியோட அடிவயிறு. தான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்ததை ஒருத்தர் 37 வயசுல வந்து நாவலா எழுதறாருன்னா, சின்ன வயசுல அந்தச் சேதி எத்தனை வாய் வழியா அவரு காதுல விழுந்திருக்கும்னு அந்தத் தெருவுல நடக்கறப்ப யோசிச்சுக்கிட்டே வந்தேன். இன்னொண்ணும் ஞாபகம் வந்துச்சு. இதே கெடாவுல பீடோங்ல பொறந்த கே. எஸ். மணியம் இங்லீஷ்ல எழுதுன முதல் நாவல் வெளிவந்ததும் அதே 1981லதான். ஒரு பக்கம் நம்ம ஆளு ஒருத்தர் கதை புஸ்தகமா உலகத்துக்குப் போகுது, இன்னொரு பக்கம் தோட்டத்துல பாடை கட்டறாங்க. ரெண்டுமே நாமதான்.

நவீன் நேரா நாவலுக்கு வந்தவரு இல்ல. ஆரம்பம் கவிதை. முதல் தொகுப்பு சர்வம் பிரம்மாஸ்மி 2007ல வந்துச்சு, 2013ல வெறிநாய்களுடன் விளையாடுதல். நடுவுல பத்திரிகை வேலை வேற, முதல்ல காதல்னு ஒரு இதழ், அப்புறம் 2007ல வல்லினம், அச்சுல வந்துக்கிட்டிருந்தது 2009ல இருந்து இணைய இதழாச்சு. ஸ்கூல்ல வாத்தியார் வேலையும் பாத்துக்கிட்டு இதையும் விடாம நடத்தறது சாதாரண விஷயம் இல்லைங்க, அதுவும் நம்ம நாட்டுல, ஐநூறு புஸ்தகம் வித்தாலே திருவிழா மாதிரி கொண்டாடற இடத்துல. மூத்த எழுத்தாளர்கள தேடிப் போயி ஆவணப்படம் எடுத்து வெச்சது தனிக் கதை, அதுக்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். சிறுகதைத் தொகுப்பு மண்டை ஓடி 2015, போயாக் 2018. அதுக்கப்புறம்தான் 2019ல பேய்ச்சி, 2021ல சிகண்டி, அடுத்து தாரா. சிகண்டி கோலாலம்பூரோட இருட்டுப் பக்கத்துக்குள்ள போகும், திருநங்கைகளோட வாழ்க்கை. அதுலயும் லூனாஸ்ல இருந்து போற ஒரு பையன்தான் நம்மள கூட்டிட்டுப் போறான். இந்த ஊரு அவர விடல. அன்னிக்கு என் பையில இருந்தது சிகண்டிதான்.

டவுனத் தாண்டி உள்ள போனா மிச்சம் இருக்கற தோட்டத்து வீடுங்க. லயமே இருக்காதுன்னு நெனச்சேன், ஒரு நாலஞ்சு வீடு இருந்துச்சு, பலகைச் சுவரு, துத்தநாகக் கூரை, வாசல்ல துளசி, பக்கத்துல ஒரு அம்மன் கோயிலு. கோயில் வாசல்ல ஒரு பாட்டி வேப்பிலை உருவிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. எம்பது வயசு இருக்கும்.

"எங்கேருந்து வர்றம்மா? பசியாறிட்டியா?"

கிள்ளான்ல இருந்து வர்றோம் பாட்டின்னேன். இந்த ஊரப் பத்தி ஒருத்தர் கதை எழுதியிருக்காரு, அதப் படிச்சுட்டு வந்தோம்னு சொன்னேன். சிரிச்சாங்க. இந்த ஊருல என்னம்மா கதை இருக்குன்னு கேட்டாங்க. கேட்டுட்டு ஒரு மணி நேரம் அவங்களே பேசினாங்க! பேர் கூப்பிடற பெரட்டுக்கு விடியக்காலை நாலரைக்கு போறது, புள்ளைங்கள பாத்துக்கற ஆயக்கொட்டகையில புள்ளைய விட்டுட்டு ஓடறது, மழை பேஞ்சா மரத்துல கட்டுன மங்குல பால் தண்ணியாப் போயி அன்னிக்கு சம்பளம் இல்லாமப் போறது, கணக்கெழுதற கிராணி தராசுல எடை குறைச்சு எழுதறது. கிராணிய அவங்க என்ன வார்த்தை சொல்லித் திட்டினாங்கன்னு நான் இங்க எழுதல, என் தம்பி அப்படியே தலைய குனிஞ்சுட்டான். ஆனா அந்த வார்த்தைய அவங்க சொன்ன விதம் இருக்கே, கோயில் வாசல்ல உக்காந்து, கையில வேப்பிலையோட, ஒரு கூச்சமும் இல்லாம, மந்திரம் மாதிரி சொன்னாங்க.

அப்பத்தான் எனக்கு சட்டுனு ஓலம்மா ஞாபகம் வந்தாங்க, நாவல்ல வர்ற ஓலம்மா. பேய்ச்சிய தடை பண்ணப்ப ஆபாசம்னு சொன்னாங்க. அரசாங்கம் மட்டும் சொல்லல, நம்ம ஆளுங்களே ஒரு கூட்டம் வாட்சாப்புல பக்கத்த போட்டோ எடுத்து, அடிக்கோடு போட்டு, இத ஒரு வாத்தியார் எழுதலாமான்னு பரப்புனாங்க. முழுசாப் படிச்சவங்க அதுல எத்தனை பேருன்னு எனக்கு அப்பவே சந்தேகம். தோட்டத்து மனுஷி வாயில வர்ற பாஷைய மேடைத் தமிழா மாத்தி எழுதினா அந்த மனுஷியே அதுல இருக்க மாட்டா. கால் வயித்துக் கஞ்சிக்கு மரம் வெட்டுனவ, குடிச்சுட்டு வர்ற புருஷன்கிட்ட அடி வாங்குனவ, அவகிட்ட இருந்த ஒரே ஆயுதம் அந்த வாயிதான். அதையும் புடுங்கிட்டா எப்படி? பேய்ச்சிங்கிற சாமி பால் குடுக்கற தாயும்தான், சாவு குடுக்கற தாயும்தான். அவ பேரச் சொல்லி எழுதுன நாவல் பவ்யமா பேசாது.

சாராயம் குடிச்சு செத்தாங்களாமே பாட்டின்னு கடைசியா கேட்டேன். கேக்கலாமா வேணாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சுட்டுத்தான் கேட்டேன். அவங்க கை நின்னுச்சு.

"அதையா எழுதியிருக்கான் அந்தப் பய?"

ஆமான்னேன்.

"எழுதட்டும். எத்தன பொட்டச்சி தாலி அறுத்தா. எழுதட்டும்."

அதுக்கு மேல அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல, நானும் கேக்கல. உள்ள போயி ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. அந்தப் பய யாரு மவன்னு மட்டும் விசாரிச்சாங்க, இந்த ஊருல பொறந்தவருன்னு சொன்னதும், அப்ப நம்ம புள்ளதான்னு தலைய ஆட்டிக்கிட்டாங்க.

எனக்கு படிக்கத் தெரியாது, நீ படிச்சுக் காட்டறியான்னு கேட்டாங்க. பேய்ச்சி கையில இல்லையே பாட்டின்னு சொல்ல மனசு வரல. பையில இருந்த சிகண்டிய எடுத்து, அதுல லூனாஸ்னு வர்ற ஒரு எடத்த தேடிப் புடிச்சு வாசிச்சேன். ஊர் பேரு வர்ற எடத்துல மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னாங்க. ரெண்டு தடவ படிச்சேன். தம்பி கிராப் வந்துடுச்சுன்னு கூப்பிட்டான், கொஞ்சம் இருக்கச் சொல்லுடான்னு மூணாவது தடவையும் படிச்சேன்.