பேரக்குஞ்சின் நீலச் சிறகு

2024 ஜூன் 9, ஞாயிறு

டார்வின் 1859-இல் வெளியிட்ட ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் பிந்தைய பதிப்புகளில் வரும் புறாப் பரிசோதனையை இன்று மறுபடியும் நிதானமாகப் படித்தேன். லண்டன் புறா வளர்ப்போர் சங்கங்கள் இரண்டில் சேர்ந்து, கிடைத்த இனங்களையெல்லாம் வளர்த்த அவர், நம்மூரில் லக்கா எனப்படும் விசிறிவால் புறாக்களில் வெள்ளை நிறத்தவற்றைக் கறுப்புப் பார்ப் இனத்தோடு இணைசேர்த்தார். நெற்றிப் பொட்டும் வாலும் மட்டும் சிவந்து, உடலெல்லாம் வெளுத்த ஸ்பாட் இனத்தோடும் பார்ப் புறாவைச் சேர்த்தார். குஞ்சுகள் கறுப்பும் பழுப்புமாக, திட்டுத்திட்டாகப் பிறந்தன. இவ்விரு கலப்புகளில் வந்தவற்றை ஒன்றோடொன்று சேர்த்தபோது கிடைத்த பேரக்குஞ்சோ, நீல உடல், சிறகில் இரட்டைக் கறுப்புப் பட்டை, வெள்ளை இடுப்பு, வெள்ளோரமிட்ட வால் என்று அச்சு அசலாகக் காட்டு மாடப்புறாவைப் போலவே இருந்தது. தாத்தா பாட்டி எவரிடமும் நீலம் இல்லை! வளர்ப்புப் புறாக்கள் யாவும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்பதற்கு இதைவிட அழகான சான்றை நான் அறியேன்.

ஜூன் 12, புதன்

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வந்தமர்ந்த மாடப்புறாவை வெகு அருகில் பார்க்க வாய்த்தது. பட்டைகள் இரண்டும் அப்படியே இருந்தன. இடுப்பு மட்டும் வெளுக்காமல், முதுகைப் போலவே நீலச்சாம்பலாக இருந்தது. இந்தியத் துணையினத்துக்கு அப்படித்தான் என்பதை டார்வினும் குறித்திருக்கிறார்.

ஜூன் 16, ஞாயிறு

டார்வினுக்குக் கிட்டாத விளக்கம் மெண்டலின் வழியில் பின்னர் வந்தது. கறுப்புப் புறாவிடம் பட்டைக்குரிய மரபணு அழிந்துவிடவில்லை. நிறத்தை உடலெங்கும் பரப்பும் ஓங்கு மரபணு ஒன்று அதை மறைக்கிறது. வெள்ளைப் புறாவிலோ நிறமியே படிவதில்லை என்பதால், உள்ளே எந்தக் கோலம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மறைப்பவை எவையும் வந்து சேராத குஞ்சில் பழைய நீலம் வெளிப்படுகிறது.

ஜூன் 19, புதன்

மூதாதையின் பண்பு மீண்டும் தலைகாட்டுவதில் திமிங்கிலத்தின் கதை இதனினும் வியப்பானது. 1919-இல் கனடாவின் வான்கூவர் தீவுக் கடலில் பிடிபட்ட கூன்முதுகுத் திமிங்கிலம் ஒன்றுக்கு, ஏறத்தாழ 127 சென்டிமீட்டர் நீளத்தில் பின்னங்கால்கள் வெளியே நீண்டிருந்தன. 2006-இல் ஜப்பானின் தைஜியில் பிடிபட்ட ஓங்கிலுக்கும் (டால்பின்) அதே இடத்தில் கூடுதலாக ஓர் இணைத் துடுப்புகள் இருந்தன. ஓங்கில் கருவில் பின்னங்கால் மொட்டுகள் இன்றும் முளைத்து, சில வாரங்களில் வளர்ச்சி நின்று மறைகின்றன. அந்த நிறுத்தம் எப்போதோ ஒருமுறை தவறும்போது கால் வளர்கிறது. மூதாதையர் கால்களை இழந்து 3 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்ட உயிரில் நிகழும் இதையும், தலைமுறைகளாக மறைந்திருந்த நிறம் வெளிப்படுவதையும் ஒன்றாகவே எண்ணுவது எனக்கு ஒப்பவில்லை.