நுங்கு மாதிரி ஒரு சென்சார்

ஆய்வகத்தில் நேற்று முழுக்க தொடுவதை உணரும் ஒரு ஜெல் துண்டோடுதான் பொழுது போனது. நுங்கு மாதிரி வழவழப்பு, இழுத்தால் ரப்பராக நீள்கிறது. உள்ளே பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் லித்தியம் குளோரைடு உப்பு. மேலே மெல்லிய சிலிகோன் ரப்பர் உறை. விரலால் தட்டினால் தோலும் ரப்பரும் மின்னூட்டத்தை மாற்றிக்கொள்கின்றன. விரலை எடுக்கும்போது உப்பின் அயனிகள் நகர்ந்து, ஜெல்லோடு இணைத்த கம்பியில் ஒரு மின்துடிப்பு வருகிறது. பேட்டரியே வேண்டாம்! தலை சீவிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்குமே, அதே சங்கதிதான். 2012இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் சோங் லின் வாங் குழு இதை வைத்து மின்சாரம் எடுத்துக் காட்டியது.

போன் சார்ஜ் ஏறுமா என்று கேட்காதீர்கள். மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் கணக்குதான். தொடுவதை உணர அது போதும்.

அப்புறம், அந்த உப்புதான் தண்ணீரையும் பிடித்துவைக்கிறது. போன வாரம் உப்பில்லாத ஜெல் ஒன்றை உறை போடாமல் மேசையில் விட்டுப் போனேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் அப்பளம்.