ஒரு போன், இரண்டு கட்டைவிரல்கள்

2014இல் நெதர்லாந்தின் கேம் ஓவன் நிறுவனம் 'பவுண்டன்' என்ற கைபேசி விளையாட்டை வெளியிட்டது. ஒரே போனின் இரு முனைகளையும் இருவர் கட்டைவிரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். திரையில் ஒரு கோளம், அதன்மேல் வரிசையாக வளையங்கள். போனைச் சாய்த்தும் திருப்பியும் அவற்றைத் தொடரும்போது கைகள் உயரும், உடல் சுழலும், ஒருவர் கைக்கு அடியில் மற்றவர் நுழைவார். கடைசியில் இருவரும் நடனமாடிக்கொண்டிருப்பார்கள்! அந்த அசைவுகளை அமைக்க டச்சு தேசிய பாலே குழு துணைநின்றது.

போன் சுழல்வதை அளக்கும் ஜைரோஸ்கோப் என்ற உணரி இன்று சாதாரணப் பொருள். போனின் மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தே ஆக வேண்டும் என்று அவர்கள் எடுத்த முடிவுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அந்த நினைப்பில் நானும் ஒரு கைபேசி விளையாட்டைச் செய்திருக்கிறேன். போனை உள்ளங்கையில் ஏந்தி நடக்க வேண்டும். குலுங்கினால் மணி ஒலிக்கும். திரையில் எதுவும் தெரியாது. வேண்டுமென்றேதான் அப்படி விட்டேன். பார்க்கத் திரை இல்லாவிட்டால் முகத்தைப் பார்ப்பார்கள் அல்லவா?

ஞாயிறன்று வீட்டில் சோதித்தோம். மகள் மூன்றாம் அடியிலேயே மணியை ஒலிக்கவிட்டாள். இளம் வயதில் நிறைகுடம் சுமந்து பழகிய அம்மா, வாசலிலிருந்து அடுக்களைவரை சத்தமே இல்லாமல் போய்வந்தார். "பாட்டி, எனக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்று மகள் அவர் பின்னாலேயே நடந்தாள். "இடுப்பை ஆட்டாதே, தூரத்தில் பார்" என்றார் அம்மா.

அடுத்த வடிவத்தில் நேரக்கணக்கை எடுத்துவிடப் போகிறேன். வயதானவர்களை ஓடவைக்கக் கூடாது.