மன உறுதி போதும் என்று நம்பிய ஒரு ஸ்ட்ரைக்கர்

சென்னை சீனியர் டிவிஷன் கால்பந்து லீக் ஆட்டங்களைப் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கிய காலத்திலிருந்தே அவரைத் தெரியும். சந்தோஷ் டிராபியில் மாநில அணிக்கு ஆடியவர். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வங்கி வேலைக்கு வந்தவர். அவருடைய இடது கால் ஃப்ரீ கிக்கைப் பார்க்கவென்றே நேரு ஸ்டேடியத்துக்கு வந்தவர்கள் உண்டு. பெயரை எழுதப் போவதில்லை, காரணம் பின்னால் வரும். பேட்டி எடுக்கப் போய்ப் பழகி, எனக்கு அண்ணன் ஆகிவிட்டவர். அவர் குடியிலிருந்து வெளியே வந்தபோது கூடவே இருந்தேன். வீட்டில் இதே நிலையில் ஒருவரை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆட்டத்தை விட்ட பிறகுதான் குடி கூடியது. டாஸ்மாக் வாசலில் அவரைக் காசு எடுக்கவே விடமாட்டார்கள். "அண்ணே, அன்னிக்கு நீங்க அடிச்ச அந்த கோல் இருக்கே..." என்று யாராவது ஆரம்பிப்பார். கையில் குவார்ட்டர் வந்துவிடும். அத்தனையும் பாசம்தான். அந்தப் பாசத்தை எப்படித் தடுப்பது என்று அண்ணிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

முழங்கால் லிகமென்ட் கிழிந்து, இனி ஆட முடியாது என்று சொல்லப்பட்ட பிறகும் மைதானத்துக்குத் திரும்பி வந்தவர் அவர். விளையாட்டு வீரர்களுக்கே உரிய நம்பிக்கை அது: உடம்பு சொன்னால் கேட்கும். "அந்த முட்டியையே பார்த்தவன்டா தம்பி, இது என்ன பெரிசு" என்று சொல்லிவிட்டு ஒரு நாள் சட்டென்று நிறுத்தினார். மறுநாள் காலை காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தார், அப்படியும் சட்டையெல்லாம் காபி. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, வியர்வை. அடுத்த நாள் குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தார். 108-ஐ அழைத்துவிட்டுத்தான் அண்ணி என்னை அழைத்தார்.

அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப குடிச்சார்?" என்பது. பல வருடம் தினமும் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம் என்று விளக்கினார். அதற்குப் பிறகு சில நாளைக்கு நினைவு குழம்பி, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். அண்ணனுக்கும் அந்தக் குழப்பம் வந்தது. வார்டு சுவரைப் பார்த்து, "பாஸ் குடுடா, பாஸ் குடு" என்று கத்திக்கொண்டிருந்தார். குடியை நிறுத்தியதால் வரும் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் குளோர்டயாசிபாக்சைடு மாத்திரையை அதிக அளவில் தொடங்கி நாளுக்கு நாள் குறைத்தார்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின், அதாவது பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். நீண்ட நாள் குடியில் அந்தச் சத்து வற்றிப்போகிறது, அதைக் கவனிக்காமல் விட்டால் ஞாபக சக்தி நிரந்தரமாகப் போய்விடக்கூடும். அன்று அண்ணன் முகத்தில் பார்த்தது மன உறுதிக் குறைவே இல்லை. அவருடைய உறுதிதான் அவரை டாக்டரிடம் போகவிடாமல் இவ்வளவு காலம் வைத்திருந்தது.

உடம்பிலிருந்து சாராயத்தை இறக்குவது முதல் படிதான். அதற்கடுத்து எங்கே சேர்ப்பது என்று தேடியபோது பார்த்தவை இன்னும் மனதை உறுத்துகின்றன. புறநகரில் ஒரு மறுவாழ்வு மையம். கம்பிக் கேட்டில் வெளிப்பக்கம் பூட்டு. "நீங்க போன் பண்ணா போதும் சார், ராத்திரி வேன்ல வந்து நாங்களே தூக்கிடுவோம்" என்றார் பொறுப்பாளர். டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அங்கிருந்து உடனே கிளம்பிவிட்டோம். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கூசாமல் கேளுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடியால் வரும் மன பாதிப்புகளும் அடங்கும். சுயமாக முடிவெடுக்கக்கூடிய ஒருவர் தானே கையெழுத்துப் போட்டுச் சேரலாம் என்கிறது அந்தச் சட்டம். அண்ணன் அப்படித்தான் சேர்ந்தார். ஃபாரத்தில் அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

சென்னையில் இருப்பவர்களுக்கு கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. கணவரை இதே நோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14446 என்ற கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண்ணை அழைக்கலாம். ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன்: மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளின் வழக்கமான விலக்குப் பட்டியலில் குடிநோய் சிகிச்சையும் இருக்கிறது. பாலிசியைப் படித்துவிட்டுப் பணத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். எங்களுக்கு அண்ணனோடு ஆடிய பழைய நண்பர்கள்தான் கை கொடுத்தார்கள்.

குடியை நிறுத்திவிடும் என்று யாரோ சொன்ன ஒரு பொடியை அண்ணி வாங்கிச் சாம்பாரில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும் டாக்டர் பதறிவிட்டார். இப்படிப்பட்ட பொடிகளில் டைசல்ஃபிராம் இருக்கக்கூடும். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். சாப்பிடுகிறவருக்குத் தெரியாமல் கொடுக்கவே கூடாத மருந்து. பின்னால் அதே மருந்தை அண்ணன் ரத்தப் பரிசோதனை முடிந்து, விவரம் தெரிந்து, சம்மதித்து எடுத்துக்கொண்டார். காலையில் அண்ணி கையால் வாங்கிப் போட்டுக்கொள்வார். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும் என்பதால், சபலம் வருகிற சாயங்காலத்தில் யோசிக்க அவகாசம் கிடைத்தது. சில இருமல் டானிக்குகளில்கூட ஆல்கஹால் உண்டு. மருந்துக் கடையில் கேட்டுத்தான் வாங்குவோம்.

வார்டில் நாங்கள் பேசியது பெரும்பாலும் கால்பந்துதான். பிரேசில் வீரர் கரிஞ்சா குடியால் 49 வயதில் ஈரல் கெட்டு இறந்ததை அவரே எடுத்தார். வட அயர்லாந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட் 2002-இல் ஈரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகும் குடித்து 2005-இல் போய்ச் சேர்ந்ததும் அவருக்குத் தெரியும். நான் ஜிம்மி கிரீவ்ஸைப் பற்றிச் சொன்னேன். இங்கிலாந்துக்கு 57 ஆட்டங்களில் 44 கோல் அடித்தவர், குடியில் விழுந்து, 1978-இல் விட்டு, 2021 வரை வாழ்ந்தவர். அண்ணன் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விட்டப்புறம் நாப்பது வருசத்துக்கு மேலயா?" என்று கேட்டார். அடுத்த நாளும் அதையே கேட்டார்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு ஏ.ஏ. கூட்டங்கள், அதாவது குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்கள். யார் வேண்டுமானாலும் போகக்கூடிய திறந்த கூட்டங்களுக்கு நானும் கூடப் போனேன். ஆட்டோ ஓட்டுநர், ரிடையர்ட் அதிகாரி, காலேஜ் பையன் என்று வரிசையாக எழுந்து, பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று தொடங்குகிறார்கள். அங்கே அண்ணனிடம் யாரும் கோலைப் பற்றிக் கேட்கவில்லை. அது அவருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அவர் தோள் தளர்ந்து உட்கார்ந்திருந்த விதத்திலேயே பார்த்தேன். பத்திரிகையில் உறுப்பினர் பெயர் வரக்கூடாது என்பது அந்த அமைப்பின் மரபு. இங்கே பெயர் இல்லாததற்கு அதுதான் காரணம். குடும்பத்தினருக்கான அல்-அனான் கூட்டத்துக்கு அண்ணி தனியாகப் போகிறார். அவர் சரியாகத் தூங்க ஆரம்பித்ததே அங்கே போன பிறகுதான்.

நடுவில் ஒரு முறை சறுக்கினார். மாத்திரையை டாக்டர் நிறுத்திச் சில மாதங்கள் ஆன நேரம். ஒரு பாராட்டு விழா, பொன்னாடை, அது முடிந்து பார்ட்டி. மறுநாள் காலை அவராகவே டாக்டரிடம் போய் உட்கார்ந்துவிட்டார். திரும்பக் குடிப்பது இந்த நோயில் நடப்பதுதான், எவ்வளவு சீக்கிரம் சிகிச்சைக்குத் திரும்பினார் என்பதுதான் முக்கியம் என்று டாக்டர் அண்ணியிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். வீட்டில் யாரும் கத்தவில்லை.

இப்போது வியாசர்பாடிப் பக்கம் காலையில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார், அங்கிருந்து வேலைக்குப் போகிறார். விழா அழைப்பு வந்தால் போனை எடுப்பது அண்ணிதான். "மால வாங்கிட்டு எட்டு மணிக்கெல்லாம் கெளம்பிடுவாரு, பார்ட்டிக்கு நிக்க மாட்டாரு, சம்மதமா?" என்று முதலிலேயே கேட்டுவிடுகிறார். சரி என்றால்தான் தேதி கொடுக்கிறார்.